நாலு வாய்ச் சோறு – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் குழித்துறைப் பக்கம் பள்ளி ஆசிரியை. ஏழு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் எடை குறைக்க, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 87. முட்டுவலி இல்லை, சுகர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தாலே மனசு பதறுகிறது. போன வாரம் கல்யாணப் பந்தியில் நாலு வாய் தின்றுவிட்டு இலையை மடக்கினேன். “தீனம், நோய் எதாவது உண்டா?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். மாமியாரோ, தான் வைத்த கறி எனக்குப் பிடிக்கவில்லை என்று முகம் வாடுகிறார். கணவரைத் தவிர யாருக்கும் ஆபரேஷன் விஷயம் தெரியாது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. மரச்சீனியையும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைமீன் கறியையும் நினைத்து ராத்திரியில் அழுதிருக்கிறேன். கடன் வாங்கி நானே செய்துகொண்டதற்கு அழுவது நன்றிகெட்டதனம் இல்லையா? நீங்களும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நன்றிகெட்டதனமே இல்லை. நானும் அழுதிருக்கிறேன்.

கஞ்சித்தண்ணி, கூழ் எல்லாம் கடந்து கட்டிச் சாப்பாடு தொடங்கிய வாரம். வீட்டில் மரச்சீனி அவித்திருந்தார்கள். விரல்நுனி அளவு கிழங்கைச் சாளைக்குழம்பில் முக்கி வாயில் போட்டு, பழைய வேகத்தில் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது. வாயெல்லாம் நுரைநுரையாக எச்சில். புழக்கடைக்கு ஓடி, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். கிழங்கு வெளியே வந்ததும் வலி போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஏத்தன் வாழைப்பழம் போல ஒரு குழல், 100 முதல் 150 மில்லி கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அது அதிகமாகச் சுரக்கும் மேல்பகுதியும் வெட்டியதோடு போய்விட்டது. அதனால்தான் பசி இப்படி அடங்கிக் கிடக்கிறது. நாக்கின் ஆசையை யாரும் வெட்டவில்லையே, அது அப்படியேதான் இருக்கும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது அதுதான். திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரப்பிய நாடு இது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது திருவிதாங்கூர் ஏழைகள் அந்தக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். 1956-இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நம் கன்னியாகுமரிப் பகுதியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. என் பாட்டி அந்தக் காலத்தில் வளர்ந்தவள். “சோறு வேணுமா?” என்று கேட்கவே மாட்டாள், அள்ளி வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவர்கள் கையில் வளர்ந்தவர்கள்தான் நம் மாமியார்களும் அத்தைகளும். தட்டில் சோறு மீந்தால் அவர்களுக்குப் பயம் வருகிறது. உங்கள் மாமியாரிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருடம் மறைத்தேன். எனக்குக் கேன்சர் என்று ஊர் பேசியது. அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் வாயைத் திறந்தேன். நன்றாகத் திட்டினாள். மறுநாள் பிள்ளைக்குச் சோறூட்டும் வெள்ளிக் கிண்ணத்தில், முள் எடுத்த இரண்டு துண்டு மீன் வைத்துக் கொண்டுவந்தாள். இன்றைக்கும் அவள் வீட்டில் எனக்கு அந்தக் கிண்ணம்தான்.

அந்த மீன்தான் நமக்கு முதலில். மீன், முட்டை, பயறு தின்று இடமிருந்தால் சோறு. டாக்டர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரைமணி நேரம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பந்தியில் போளியைப் பால்பாயசத்தில் பிசைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கொடுமைதான், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கரண்டி அதிகமானால் சிலருக்குப் படபடப்பும் வியர்வையும் வந்து, அங்கேயே படுக்கவேண்டியதாகிவிடும்.

முடி, வேகமாக இளைத்ததால் கொட்டுகிறது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் நின்று திரும்ப வளரும். எனக்கு வளர்ந்தது. நிற்காவிட்டால் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். பி12, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. எடை இறங்கிவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்தால், கிழங்கு சிக்கியிருக்கும் என்று சுக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காதீர்கள். பி1 வைட்டமின் வற்றிப்போனால் மூளையும் நரம்பும் கெடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்லீவ் செய்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.

மரச்சீனியை நீங்கள் ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. நன்றாகக் குழைய அவித்து, மீனுக்குப் பிறகு, ஒரு ஸ்பூன். நான் அப்படித்தான் தின்கிறேன். மாமியாரிடம் சொன்னபிறகு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா