மின்பாதைத் திட்ட மேலாளர் நேர்காணல்: பத்து நாளில் எதைப் படிப்பது?

கேள்வி: அடுக்குமாடிக் கட்டுமானத்தில் ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள சிவில் பொறியாளர் நான். மின் தொடரமைப்பு நிறுவனம் ஒன்று, 400 கிலோவோல்ட் பாதை அமைக்கும் பணிக்குத் திட்ட மேலாளர் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. பத்து நாள்தான் இருக்கிறது. மின்சாரம் பற்றி அதிகம் தெரியாது. எப்படித் தயாராவது?

பதில்: மின்சாரம் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். அதற்கு அவர்களிடம் ஆட்கள் உண்டு. இதுவரை நீங்கள் வேலை பார்த்தது சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் போட்டுப் பூட்டிய ஓரிடத்தில். இனி உங்கள் சைட் பல கிலோமீட்டர் நீளம். வழிநெடுக அடுத்தவர் நிலம். இந்த வித்தியாசம் பிடிபட்டிருக்கிறதா என்றுதான் உங்களை உரசிப் பார்ப்பார்கள்.

ரைட் ஆஃப் வே, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே பாதை கொண்டுபோகும் உரிமை பற்றிய கேள்வி அநேகமாக வந்துவிடும். “தோப்புக்காரர் வேலையை நிறுத்திவிட்டார், என்ன செய்வீர்கள்?” போலீஸ் பாதுகாப்பு கேட்பேன் என்று ஆரம்பிக்காதீர்கள். ராய்கர்–புகளூர் உயரழுத்த மின்பாதையை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் போராடியதை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. வழக்கமாக மின்கோபுரத்துக்காக நிலத்தை வாங்குவதில்லை, இழப்பீடுதான் தருகிறார்கள். மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அது 200 சதவீதமானது. கம்பிக்குக் கீழுள்ள நிலத்துக்கு, அதிகபட்சம் 15 சதவீதம் என்றிருந்தது 30 ஆனது. இந்த எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும். அப்புறம் நீங்கள் எடுக்கும் நடவடிக்கையை வரிசையாகச் சொல்லுங்கள்: நானே நேரில் போய்ப் பேசுவேன், மரங்களை அவர் முன்னிலையில் எண்ணுவேன், பணம் எப்போது வரும் என்று எழுதிக் கொடுப்பேன், அதுவரை வேலையாட்களை அடுத்த கோபுரத்துக்கு அனுப்புவேன். அதிலும் தீராவிட்டால்தான் மாவட்ட ஆட்சியர். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

அடுத்தது லைன் கிளியர். உங்கள் புதுக்கம்பி, ஊருக்கு மின்சாரம் தரும் பழைய பாதையைக் குறுக்கே கடக்கும். அந்தப் பழைய பாதையை நிறுத்த அனுமதி வாங்கினால்தான் கம்பி இழுக்க முடியும். தேர்வு நேரம், கோடை என்று எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தேதி தள்ளிப்போகலாம். ஆகவே கடக்கும் இடங்களையெல்லாம் முதலிலேயே பட்டியலிட்டு, அதைச் சுற்றித்தான் கால அட்டவணை போடுவேன் என்று சொல்லுங்கள். ரயில்வே, நெடுஞ்சாலை, வனத்துறை அனுமதிகளுக்கும் இதே கதைதான். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று ஃபோனில் சொன்னதை நம்பி யாரையும் ஏற்றக் கூடாது. சோதித்து, இருபுறமும் எர்த் போட்ட பிறகே ஆள் ஏற வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு கவனப்பிழைக்கு விலை ஓர் உயிர்.

மீதி நாட்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் மின்பாதைக் கட்டண ஆணைகள் கிடைக்கும். தாமதமான பாதை ஒன்றின் ஆணையை எடுத்து முழுதாகப் படியுங்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை நாள் வேலை நின்றது, யாருக்கு எப்போது கடிதம் போனது என்று தேதிவாரியாக இருக்கும். ஒப்பந்தக்காரரால் வந்த தாமதத்தைத் தவிர்க்கக்கூடியது என்று ஆணையம் ஒதுக்கிவிட்டால், அதனால் கட்டுமானக் காலக் கடனுக்கு ஏறிய வட்டி கட்டணத்தில் சேராமல் நிறுவனத்தின் தலையில் விழும். தாமதம் நம் கையை மீறியது என்று காட்டக் கடிதமும் நாட்குறிப்பும் இருந்தால் அந்தப் பணம் தப்பலாம். கட்டுமானத் துறையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. நீங்கள் இதைத் தெரிந்து பேசினால் எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சொந்த அனுபவத்தில் ஒன்றையே தயார் செய்யுங்கள், ஆனால் முழுமையாக: எத்தனை நாள் தாமதம், எவ்வளவு கூடுதல் செலவு, அதில் உங்கள் தவறு எது. எல்லாம் சரியாக முடிந்தது என்ற கதையை நான் நேர்காணல் எடுத்தபோது ஒருநாளும் நம்பியதில்லை.

கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள். இந்தப் பாதை போட்டி ஏலத்தில் எடுத்ததா, செலவுக்கேற்பக் கட்டணம் நிர்ணயிப்பதா என்று கேளுங்கள். ஏலம் என்றால் ஆண்டுக் கட்டணம் முன்பே முடிவானது, செலவு மீறினால் பெரும்பாலும் நிறுவனமே தாங்க வேண்டும். அப்படியானால் எத்தனை கோபுர இடங்கள் இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் கேட்டுவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் மேசைக்கு வரப்போவது அந்த எண்தான்.