அமெரிக்காவில் உள்ள உங்கள் கடன் சங்கம் (கிரெடிட் யூனியன்), இன்க்ளூசிவ் என்ற கடன் சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்தும் வெளியாரிடம் டெபாசிட் வாங்க முடியவில்லையா?

சேர்ந்ததால் மட்டும் அந்த உரிமை வராது. உறுப்பினர் அல்லாதவர்களிடம் டெபாசிட் வாங்க, கடன் சங்கங்களை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான என்.சி.யு.ஏ. தரும் 'குறைந்த வருமான' அந்தஸ்து வேண்டும். அரசு அமைப்புகள், பிற கடன் சங்கங்களின் பணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்க்ளூசிவ் சந்தா ரசீதைப் பார்த்து உங்கள் மேலாளர் அந்தச் சேர்க்கையையும் இந்த அந்தஸ்தையும் ஒன்றென்று நினைத்திருப்பார். பலர் குழம்பும் இடம்தான் இது. இன்க்ளூசிவ் 1974இல் தொடங்கிய கூட்டமைப்பு. ஒழுங்குமுறை அமைப்பு அல்ல.

என்.சி.யு.ஏ. தளத்தில் உங்கள் சார்ட்டர் (சங்கம் நடத்த அரசு தரும் உரிமம்) எண்ணைப் போட்டு, அந்த அந்தஸ்துக்கு நேரே 'ஆம்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், உறுப்பினர்களில் பெரும்பாலானோரின் குடும்ப வருமானம் அவர்கள் வசிக்கும் பெருநகரப் பகுதியின் அல்லது தேசிய அளவிலான இடைநிலை வருமானத்தில் (எது அதிகமோ அதில்) 80 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் ஃபெடரல் (மத்திய அரசு) சார்ட்டருக்கு. மாநில சார்ட்டர் என்றால் முதலில் மாநில ஒழுங்குமுறை அலுவலகத்தைக் கேளுங்கள்.