ஒரு கட்சித் தலைவரின் ஒரே டிவி பேட்டியைப் பார்த்துவிட்டு ஒருவர் 'வெளுத்து வாங்கிட்டார்' என்கிறார், இன்னொருவர் 'மழுப்பிட்டார்' என்கிறார். ஏன் இப்படி?

கட்சிப் பற்று ஒரு காரணம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வட சென்னையில் நான் பார்த்தவரை, நம்ம ஊர் பெயர் கேள்வியில் வருகிறதா என்பதைத்தான் மக்கள் முதலில் கவனிக்கிறார்கள்.

போன தேர்தலுக்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் ஒரு டீக்கடை டிவியில் பேட்டி ஓடியது. கூட்டணி, தொகுதிப் பங்கீடு என்று அரை மணி நேரம். ஓரமாக உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த மீனவ அண்ணன் தலை நிமிரவே இல்லை. 'எண்ணூர்' என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றது. "சவுண்டு வை" என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்தபோது, அவருடைய படகும் வலையும் கறுத்துப்போயிருந்தன. தலைவர் இரண்டு வரி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார். அண்ணன் மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார். எனக்கு மனசு கனத்துப்போனது.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையனுக்கோ அதே பேட்டி பிடித்திருந்தது. அவன் வேலைவாய்ப்பு பற்றிய பதிலுக்காகக் காத்திருந்தவன்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் முப்பது விநாடித் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுப் பேட்டியையும் வாக்குப்பதிவுக்கு முன்கூட்டியே பாருங்கள். ஏனென்றால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டிவியில் தேர்தல் பிரசாரத்தை ஒளிபரப்பக் கூடாது.