முகூர்த்தக் காலையில் ஐயர்ன் எதற்கு?

கல்யாண சீசன் நெருங்குவதால் இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டாங் (முடியைச் சுருட்டும் சூட்டுக் கருவி), ஸ்ட்ரெய்ட்னர், பூ ஜடை பற்றித்தான். மதுரையில் பல வருடங்களாக மணப்பெண் அலங்காரம் செய்துவரும் நம் கூந்தல் பகுதி ஆலோசகர் பதில் சொல்கிறார்.

அக்கா, எனக்கு ஆவணியில் கல்யாணம். முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு முடியைச் சுருள் சுருளாக விட்டுக்கொள்ள ஆசை. மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம், அதற்குப் பூ ஜடை. என் தோழியின் கல்யாணத்தில் விடியற்காலையில் தலைக்குக் குளிக்க வைத்து, உடனே ஐயர்ன் பண்ணினார்கள். பொசுங்கிய வாசனை வந்தது. இப்போது அவள் முடி பாதியில் ஒடிந்து ஒடிந்து விழுகிறது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– கும்பகோணம் வாசகி

பயப்படாதே தங்கச்சி, ஆனால் இதைக் கவனமாகப் படி. உன் அம்மாவையும் படிக்கச் சொல்.

உன் தோழியின் முடி ஒடிவதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம். குளித்த முடி வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர் இருக்கும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நாம் வைக்கிற ஸ்ட்ரெய்ட்னரோ 180, 200 டிகிரி. உள்ளே இருக்கிற தண்ணீர் நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் விடுகிறது. தோல் மருத்துவர்கள் இதை ‘பபிள் ஹேர்’ என்கிறார்கள். குமிழ் விட்ட இடத்தில்தான் முடி ஒடியும். எந்தச் சீரமும் அதைச் சரிசெய்யாது, அந்த நீளம் வளர்ந்து வெட்டுப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஐயர்ன் வைக்கும்போது ‘சுர்ர்’ என்று சத்தம் கேட்டாலோ ஆவி பறந்தாலோ, யார் செய்தாலும் சரி, “நிறுத்துங்க” என்று சொல். கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது என்றெல்லாம் ஒன்றுமில்லை.

அடுத்து நான் கேட்கிற கேள்வி இதுதான்: முகூர்த்தக் காலையில் ஐயர்ன் எதற்கு? பூ ஜடையில் உன் முடி வெளியே தெரியப்போவதே இல்லை. பின்னி, வாழைப்பட்டையில் தைத்த மல்லிகையை மேலே வைத்துக் கட்டிவிடுவார்கள். உச்சியில் ராக்கொடி, நெற்றியில் சுட்டி, இரண்டு பக்கமும் சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, நுனியில் குஞ்சலம். கண்ணுக்குத் தெரிவது வகிட்டின் இரண்டு பக்கமும் படிய வாரிய கொஞ்சம் முடிதான். அதற்குச் சீப்பும் ஹேர் ட்ரையரும் போதும். இருந்தும் பல பார்லர்களில் இடுப்புவரை உள்ள முடி முழுவதையும் ஐயர்ன் பண்ணிவிட்டுத்தான் பின்னலையே தொடங்குகிறார்கள். பழக்கம், அவ்வளவுதான். உன் பியூட்டீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

ரிசப்ஷன் அன்று காலையிலேயே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிடு. மாலைக்குள் தானாகவே நன்றாகக் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு டாங் வைத்தால் தவறில்லை. இரவு விருந்து முடிந்து அறைக்கு வந்ததும் நேராகச் சீப்பை எடுக்காதே. ஸ்ப்ரே அடித்த முடியில் சீப்பு போட்டால் பிய்ந்துகொண்டு வரும். முதலில் பின்களை எல்லாம் கழற்று. கூட யாராவது இருந்து எண்ணி எடுத்தால் நல்லது, ஒரு பின் உள்ளே தங்கினாலும் தூக்கம் போய்விடும். அப்புறம் உள்ளங்கையில் சில சொட்டு தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, நடுவிலிருந்து நுனிவரை தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கி விரலாலேயே சிக்கு எடு. தளர்வாக ஒரு பின்னல் போட்டுக்கொண்டு படு. காலையில் அந்தச் சுருளின் மிச்சமும் லேசான எண்ணெய்ப் பசையும் சேர்ந்து, பின்னல் நழுவாமல் நிற்கும். அன்று காலையில் அலசிய முடிதான் வழுக்கும். பூ கட்டுகிறவர்களைக் கேட்டுப் பார், அவர்களும் இதையே சொல்வார்கள்.

மங்கள ஸ்நானம் இருக்கிறதே என்பாய். நான் போகிற பல வீடுகளில் உச்சியில் எண்ணெய் தொட்டு வைத்து, தண்ணீர் தெளித்து, உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்கிறார்கள். பெரியவர்களிடம் ஒரு வாரம் முன்பே பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கல்யாணத்தன்று அதிகாலை மூன்று மணிக்குக் கேட்டால் சண்டைதான் வரும். முழுத் தலைக்கும் குளித்தே ஆக வேண்டும் என்றால், அலங்காரத்துக்கு முன்னால் காய வைப்பதற்கென்றே தனியாக ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்கு. பழைய பருத்தி வேட்டியால் ஒற்றி எடுத்து, மிதமான சூட்டில் ட்ரையர் போட்டால் போதும். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

இன்னொன்று. பூ ஜடை கனமானது. தாலி கட்டி, பந்தி முடிந்ததும் கழற்றிவிடு. மாலைவரை வைத்திருந்தால் நெற்றியோர முடி வேரோடு இழுபடும்.

மேடம், போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திறந்தவெளி ரிசப்ஷனுக்குப் போனேன். பார்லரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட சுருள், அங்கே போன அரை மணி நேரத்தில் தொங்கிவிட்டது. இன்னும் அதிக சூட்டில் போட்டிருக்க வேண்டுமா?
– சென்னை வாசகி

வேண்டாம்மா. சூட்டைக் கூட்டினால் முடிதான் போகும், சுருள் நிற்காது.

முடிக்குள் இருக்கும் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு பட்டால் அவை விட்டுப்போகும், ஆறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆக, முடி எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவம்தான் நிற்கும். டாங்கிலிருந்து எடுத்ததும் சுருளைத் தொங்கவிட்டால், சூடாக இருக்கும்போதே அதன் கனத்தில் இழுபட்டுப் பாதி போய்விடும். எடுத்த சுருளை அப்படியே உள்ளங்கையில் தாங்கி, சுருட்டி, தலையோடு சேர்த்து கிளிப் போட்டு முழுதாக ஆறவிட வேண்டும். முகத்துக்கு மேக்கப் போடுகிற நேரம் முழுக்க கிளிப் தலையிலேயே இருக்கட்டும். புடவை கட்டி முடித்த பிறகு கழற்றுங்கள்.

கடற்காற்று ஈரம் நிறைந்தது. அந்த ஈரமும் அதே பிணைப்புகளை அவிழ்த்துவிடும். அதனால் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் சின்ன உருளையில், இறுக்கமாகப் போடச் சொல்லுங்கள். தளர்ந்து வரும்போது சரியான அளவில் நிற்கும். ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்த பிறகுதான். ஸ்ப்ரே அடித்த முடியை மறுபடி டாங்கில் சுற்றினால் அது தகட்டிலேயே ஒட்டிக் கருகும்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: கடற்கரையில் திறந்தவெளி என்றால் கொண்டைதான் என் முதல் தேர்வு. தாழ்வாக ஒரு கொண்டை, சுற்றி மல்லிகை, காதோரம் மட்டும் இரண்டு சுருள். பட்டுப்புடவைக்கு இதைவிட எடுப்பாக வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. இரவு பத்து மணிக்கும் கலையாது.

என் ஸ்ட்ரெய்ட்னரில் 230 டிகிரி வரை இருக்கிறது. கலர் செய்த முடிக்கு எவ்வளவு வைக்கலாம்?
– ஈரோடு வாசகி

150-ஐத் தாண்டாதீர்கள். மெல்லிய முடிக்கும் அதே அளவுதான். கலர் போடாத, நல்ல அடர்த்தியான முடிக்கு 180 வரை போகலாம். 230 என்று ஒரு எண் அதில் இருப்பதாலேயே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றில்லை. அந்தச் சூட்டை நெருங்கும்போது முடியின் புரதமே உருக்குலைகிறது. மெல்லிய கற்றையாக எடுத்து, ஒரே ஒரு முறை நிதானமாக இழுங்கள். தடித்த கற்றையில் ஐந்தாறு முறை இழுப்பதைவிட அதில்தான் சேதம் குறைவு.

டிகிரி காட்டாத, ‘ஆன்–ஆஃப்’ மட்டும் உள்ள மெஷினை வாங்கவே வேண்டாம். 1870-களில் பாரிஸில் மார்செல் க்ராத்தோ அலை அலையான கூந்தல் அலங்காரத்தைப் பிரபலமாக்கியபோது இடுக்கியை நெருப்பில்தான் சூடாக்கினார்கள். தலையில் வைப்பதற்கு முன் அதைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் இடுக்கியை ஆறவிடுவார்கள். அளவு தெரியாத சூட்டை நேராக முடியில் வைக்க அவர்களே துணியவில்லை.

கடையில் விற்கிற ஹீட் ப்ரொடெக்டன்ட் விலை அதிகம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு ஐயர்ன் பண்ணலாமா?
– நாகர்கோவில் வாசகி

கூடாது. தேங்காய் எண்ணெய் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. குளிப்பதற்கு முன் தடவினால் அது முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் தராத பலனைத் தேங்காய் எண்ணெய் தந்தது. ஆனால் அது அலசுவதற்கு முந்தின வேலை. எண்ணெய் சொட்டும் முடியில் 180 டிகிரியை வைப்பது வேறு விஷயம்.

ப்ரொடெக்டன்ட் வாங்கும்போது விலையைப் பார்க்காமல் லேபிளைப் பாருங்கள். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் மாதிரி சிலிக்கோன் பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் போதும். அவை முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே பரவும் வேகத்தைக் குறைக்கும். சேதம் குறையுமே தவிர அடியோடு நிற்காது. ஸ்ப்ரே வகை என்றால் அடித்துவிட்டு முழுதாகக் காயவிடுங்கள். அடித்த கையோடு ஐயர்ன் வைப்பதும் ஈர முடியில் வைப்பதும் ஒன்றுதான்.

ஆண்களும் கேட்கலாமா? ஹேர் ட்ரையரைத் தினமும் போட்டால் முடி கொட்டும் என்கிறார்களே?
– கோவை வாசகர்

தாராளமாகக் கேளுங்கள். ட்ரையரால் முடி வேரோடு கொட்டாது. மிக அருகில் பிடித்தால் தண்டு வறண்டு ஒடியும். கொரியாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு 47 டிகிரி, 5 செ.மீ.க்குள் கொண்டுபோனபோது 95 டிகிரி. அதனால் ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு ‘கெரட்டின்’ செய்துகொள்ளப் போனேன். பாதியில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. “அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். மறுபடி போகட்டுமா?
– திருச்சி வாசகி

போகாதீர்கள். கண் எரிவது ‘அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. முடியை நேராக்கும் இத்தகைய பல கரைசல்கள் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதி, கிளையாக்சிலிக் அமிலம் சேர்த்த கிரீம்களும் வருகின்றன. அவற்றைப் பயன்படுத்திய பெண்கள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு நாள்தான். அந்தப் புகையில் தினமும் நின்று வேலை செய்யும் பார்லர் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. என் கடையில் இதைச் செய்வதே கிடையாது.

உங்கள் கல்யாணத்துக்கு நல்ல ப்ளோ ட்ரை ஒன்று போதும். கண் எரிச்சலோ மூச்சுத் திணறலோ இன்னும் இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது, பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. சவுரி வைத்து இறுக்கிக் கட்டினால் தலைவலி என்கிறாள். முன்முடியை ஐயர்ன் பண்ணிப் படிய வைக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

ஐயர்ன் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் ஜெல் தொட்டு வாரினாலே படியும். தலைவலி என்று குழந்தை சொன்னால் கட்டை உடனே தளர்த்துங்கள். இறுக்கம் தொடர்ந்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி நிரந்தரமாகவே போய்விடும். சவுரியின் கனத்தைப் பின்னலில் மட்டும் தொங்கவிடாமல், கழுத்துக்குக் கீழே நாடாவால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒத்திகைக்குச் சவுரியே வேண்டாம், மேடைக்கு மட்டும் போதும்.

பிளந்த நுனியை ஒட்டவைக்க ஏதாவது சீரம் இருக்கிறதா? தையில் என் தங்கை கல்யாணம்.
– சேலம் வாசகி

ஒட்டியதுபோல் ஒரு நாள் காட்டும் சீரம் நிறைய இருக்கிறது, நிஜமாக ஒட்டவைப்பது எதுவும் இல்லை. இப்போதே ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும், தை வருவதற்குள் வெட்டியது திரும்பி வந்துவிடும். அதுவரை ஸ்ட்ரெய்ட்னரை எடுத்து பீரோவில் வையுங்கள்.