ஆளுயர டைனோசர் உடை

கேள்வி: பள்ளி நாடகத்துக்காக, ஒருவர் உள்ளே நின்று நடக்கக்கூடிய டைனோசர் உடையைக் குறைந்த செலவில் செய்ய விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தலையைத்தான் முதலில் செய்யத் தோன்றும்; ஆனால் சுமையைத் தாங்கும் சட்டத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய முதுகுப்பையின் பட்டைகளில் மெல்லிய பி.வி.சி. குழாய்களைக் கட்டி, இடுப்பிலும் பெல்ட்டால் இறுக்கினால், எடையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். தலை முன்னே நீள்வதால், அதற்கு ஈடாக வாலிலும் சிறிது எடை இருக்க வேண்டும். இல்லையேல் அணிபவரின் முதுகு வலிக்கும். தோலுக்குப் பழைய மெத்தையின் நுரைப்பஞ்சே போதும். அதன் மேற்பரப்பைக் கத்தரிக்கோல் நுனியால் சிறிது சிறிதாகக் கிள்ளியெடுத்து வண்ணம் பூசினால், செதில் போன்ற சொரசொரப்பு அழகாக அமையும். கழுத்தில் கறுப்பு வலைத்துணி வைத்தால் பார்வையும் காற்றும் கிடைக்கும். நுரைப்பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால், நெருப்பருகே இந்த உடையோடு யாரையும் விடவே கூடாது.