முத்தின கேன்சர்ல உடம்பு ஏன் உருகுது? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பேலியேட்டிவ் கேர்ல, அதாவது நோயாளியோட வலி, அவதியை குறைக்கற பிரிவுல, 14 வருஷமா நர்ஸ். நைட் ட்யூட்டிக்கு கிளம்பற வரைக்கும் இருக்கேன். கீமோவை மாத்தலாமா நிறுத்தலாமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அது உங்க டாக்டர் வேலை.

கேள்வி: அம்மாக்கு கணையத்துல கேன்சர். 4 மாசத்துல 58 கிலோலேர்ந்து 49. வேளாவேளைக்கு ஊட்டறேன், அப்படியும் இறங்குது. நான் என்ன தப்பு பண்றேன் அக்கா?

நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. பட்டினியில இளைக்கறது வேற, இது வேற. பட்டினின்னா உடம்பு சிக்கனமாயிடும், கொழுப்பை எடுத்து எரிச்சுக்கிட்டு தசையை முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தும். இங்க கட்டியும் அதோட மல்லுக்கட்டற நம்ம வெள்ளணுவும் சேந்து ஐஎல்-6, டிஎன்எஃப்னு சில ரசாயனத்தை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும், அது மூளைக்கு போய் பசியை அமத்தும், தசைக்கு போய் புரோட்டீனை உடைக்கும், கல்லீரலை சி.ஆர்.பின்னு அழற்சியை காட்டற ஒரு புரோட்டீனை சுரக்க வைக்கும். உள்ளுக்குள்ளயே அணையாத அடுப்பு மாதிரி. இதுக்கு பேர் கேக்கெக்சியா, 6 மாசத்துல 5 சதவீதத்துக்கு மேல தானா இறங்கினா அதுதான்னு 2011ல டாக்டருங்க கூடி ஒரு கணக்கு வச்சாங்க. உங்கம்மா 15ஐ தாண்டிட்டாங்க. சோறு மட்டும் போட்டு இதை முழுசா திருப்ப முடியாது.

ஆனா ஒண்ணு பாரு. கணையம்ங்கறதால கேக்கறேன், மலம் எண்ணெய் மிதக்கற மாதிரி, கழுவினாலும் போகாம ஒட்டுதா? அப்படின்னா சாப்பிடற கொழுப்பு செரிக்கலன்னு அர்த்தம், சாப்பாட்டோட போடற என்சைம் கேப்சூல் இருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்ட கேளு. வலி, குமட்டல், மலச்சிக்கல், வாய்ப்புண் இருந்தாலும் சொல்லு. இதெல்லாம் சரி பண்ணாம பசிக்கலன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல.

கேள்வி: அப்பாக்கு ஒரே வாரத்துல 2 கிலோ ஏறியிருக்கு. தேறிட்டார்தானே?

கணுக்காலுக்கு மேல கட்டைவிரலால பத்து செகண்ட் அழுத்தி எடுங்க. குழி அப்படியே நின்னா அது தண்ணி, சதை இல்ல. மெஷினை நம்பாதீங்க, நெத்திப்பொட்டு குழி விழுந்திருக்கா, மோதிரம் நழுவாம இருக்க நூல் சுத்தியிருக்காரா, அதை பாருங்க.

கேள்வி: சி.ஆர்.பி 64, ஆல்புமின் (ரத்தத்துல இருக்கற புரோட்டீன்) 2.6. முட்டை வெள்ளைக்கரு தினம் ஆறு குடுத்தா ஏறுமா?

ஏறாது சார். அழற்சி இருக்கறப்போ கல்லீரல் ஆல்புமினை குறைச்சு சி.ஆர்.பியை கூட்டும். சி.ஆர்.பி 10க்கு மேல, ஆல்புமின் 3.5க்கு கீழன்னு ரெண்டும் சேந்தா நோய் தீவிரமா இருக்குன்னு எடுத்துப்பாங்க. இன்ஃபெக்ஷன் இருந்தாலும் சி.ஆர்.பி எகிறும், அதையும் பாக்க சொல்லுங்க. முட்டை பிடிச்சா ரெண்டு குடுங்க, ஆறு வேணாம்.

கேள்வி: எந்த புரோட்டீன் பவுடர் பெஸ்ட்?

அவங்க குடிக்கறது.

கேள்வி: சர்க்கரை, அரிசியை அடியோட நிறுத்துங்க, கேன்சர் பட்டினில சாகும். வார்பர்க்னு ஜெர்மன் விஞ்ஞானி இதுக்குத்தான் நோபல் வாங்கினார். நீங்க ஏன் மறைக்கறீங்க?

1931ல அவருக்கு நோபல் குடுத்தது செல்லு மூச்சு விடற என்சைமுக்கு. கட்டி குளுக்கோஸ் நிறைய இழுக்கும், உண்மை, கேன்சரை தேடற பெட் ஸ்கேனே அதை வச்சுத்தான் எடுக்கறாங்க. ஆனா நீங்க நிறுத்தினா உடம்பு சும்மா இருக்காது, தசையை உடைச்சு கல்லீரல்ல குளுக்கோஸ் பண்ணிக்கும். ஏற்கனவே உருகற ஆளுக்கு அதையா பண்ணுவீங்க?

அவரே: எங்க மாமா மூணு மாசம் கீட்டோல (சோறு, சர்க்கரையை ஒதுக்கி கொழுப்பு சாப்பிடற டயட்) இருந்தார், கட்டி வளரவே இல்லையே?

கீமோ போயிட்டிருந்துச்சா?

அவரே: போச்சு. ஆனா அதனாலன்னு எப்படி சொல்றீங்க?

கீட்டோவாலன்னு நீங்க எப்படி சொல்றீங்களோ அப்படித்தான். மாமா வெயிட் எவ்ளோ இறங்குச்சு?

அவரே: 11 கிலோ.

சரி விடுங்க. (நடுவுல வந்து மஞ்சள், வெந்நீர், கோமியம்னு எழுதற மூணு பேரும் தனியா சண்டை போட்டுக்கோங்க.)

கேள்வி: பசி வர மாத்திரை உண்டா?

உண்டு. மெஜஸ்ட்ரால் பசியை தூண்டும், ஆனா ஏறறது பெரும்பாலும் கொழுப்பு, ரத்தம் உறையற ரிஸ்க்கும் இருக்கு. டெக்சாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு சில வாரத்துக்கு ஓகே, நாளாச்சுன்னா அதுவே தசையை கரைக்கும். நம்ம புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில ஓலான்சாபின் 2.5 மில்லிகிராம், தினம் ஒண்ணு, 12 வாரம் குடுத்து பாத்தாங்க. கீமோ எடுக்கற வயிறு, கல்லீரல்-கணையம், நுரையீரல் கேன்சர்காரங்க. 5 சதவீதத்துக்கு மேல வெயிட் ஏறினவங்க 60 சதவீதம், டம்மி மாத்திரையில 9. ரிசல்ட் 2023ல வந்துச்சு. தூக்கம் வரும், மனநோய் மாத்திரைன்னு மெடிக்கல் ஷாப்ல சொன்னா பயப்படாதீங்க, ஆனா நீங்களா வாங்கி போடாதீங்க. பசியை அமத்தற ஜிடிஎஃப்-15ங்கற புரோட்டீனை தடுக்கற ஊசி ஒண்ணுக்கு 2024ல ரிசல்ட் நல்லா வந்திருக்கு, இன்னும் சோதனையிலதான்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் எது வாங்கலாம்?

மேல படிங்க.

கேள்வி: வாயை திறக்க மாட்டேங்கறார், மூக்கை பிடிச்சு ஊட்டலாமா?

வேணாம், வேணாம், வேணாம். எங்கப்பாக்கு நானே பண்ணினேன், நர்ஸா இருந்துக்கிட்டு. வேகவச்ச முட்டையை கன்னத்துல அடக்கி வச்சிருந்து, நான் திரும்பினதும் துண்டுல துப்பி மடிச்சு தலகாணிக்கு கீழ வச்சிருக்கார். துணி மாத்தறப்போ நாலு துண்டு கெடச்சுது. அதுக்கப்புறம் நான் ஊட்டல. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சு காட்டினேன்.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா கடைசி கட்டம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு ஸ்பூன் ரசம் மட்டும் கேக்கறார். குடுக்கலாமா? பவுடர் கலந்து குடுக்கவா?

ரசத்தை ரசமாவே குடு கண்ணா. படுத்தபடி வேணாம், முதுகுக்கு தலகாணி வச்சு நிமுத்தி உக்கார வை, சின்ன ஸ்பூன், ஒரு வாய் முழுங்கினப்புறம் அடுத்தது. இருமினா நிறுத்திடு.