கோலம் முடிவதற்குள் விழுங்கும் மாத்திரைகள்

கேள்வி: எனக்கு 36 வயது. 118 கிலோ எடை இருந்ததால், நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டி இணைப்பது) அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது 74 கிலோ. கணவருக்கு மட்டும்தான் இது தெரியும். மாமியாரிடம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். ஆறு மாதமாகச் சோர்வு, முடி உதிர்தல், பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. நடக்கும்போது செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. மாமியாருக்கும் வைத்தியம் பார்க்கிற குடும்ப மருத்துவரிடமே காட்டினேன்; ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை. ரத்தசோகை என்று இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார். அவற்றோடு கால்சியம் மாத்திரையையும் சேர்த்து, மாமியார் வாசலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் காபியோடு விழுங்கிவிடுவேன். 9 வயது மகள் ரேழியில் நின்றுகொண்டு, பாட்டி வந்தால் இருமுவாள். அறுவை செய்த மருத்துவர் அந்த மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். நாங்கள் சைவம். இனி எந்த நிபுணரிடம் போவது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: சகோதரி, நிபுணரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்த விஷயத்தைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை. பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒரு குழந்தை, பாட்டி புள்ளி வைத்து இழை இழுத்து முடித்துவிட்டாளா என்று ரேழியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டி கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்ததும் இருமுகிறாள். அம்மா விழுங்குவது மருந்தா, செய்யக்கூடாத எதையாவதா என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கிறீர்களா? உடம்புக்கு ஒன்று வந்தால் வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்பதைத்தான் நாள் தவறாமல் காலையில் அவளுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு அவள் வளர்ந்து, தன் வலியொன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அவளைக் கோபித்துக்கொள்ள உங்களுக்கு வாய் இருக்குமா?

இதே போன்ற கடிதங்கள் எனக்குப் பல வந்திருக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை மாமியாரைத்தான் காரணம் காட்டும். நான் உங்கள் கணவரைத்தான் கேட்பேன். குடும்பத்தின் வாயை அடைக்க ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யைத் தினமும் காக்கிற வேலையை மனைவியின் தலையிலும் மகளின் தலையிலும் போட்டுவிட்டு அவர் எங்கே இருக்கிறார்? தன் தாயிடம் பேச வேண்டியது மகனின் கடமை. மருமகள் வாயால் வந்தால் அது குற்றம்போல ஒலிக்கும். மகன் வாயால் வந்தால் செய்தியாகிவிடும்.

அந்தப் பொய் உங்கள் உடம்பில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில்தான் உறிஞ்சப்படும். பைபாஸ் செய்தவர்களுக்கு உணவு அந்தப் பகுதிக்குப் போவதே இல்லை. எஞ்சியிருக்கிற உறிஞ்சும் திறனையும் நீங்கள் காபியால் கெடுக்கிறீர்கள், ஏனென்றால் காபி இரும்பைச் சேரவிடாது. கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுப்பதால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேரம் இருக்க வேண்டும். கால்சியத்தை ஒரே வேளையில் விழுங்கிப் பயனில்லை. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, ஒரு வேளைக்கு 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும், அதிலும் கால்சியம் சிட்ரேட் வகைதான் உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது. கோலம் போடுகிற பத்து நிமிடத்துக்குள் இத்தனையும் எப்படி அடங்கும்?

என்னை உண்மையாகவே பயமுறுத்துவது அந்தச் செருப்புதான். நரம்புகளைக் காக்கிற பி12 வைட்டமின் உடம்பில் சேர வேண்டுமானால் இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; உங்கள் இரைப்பையின் பெரும்பகுதி இப்போது உணவைப் பார்ப்பதே இல்லை. கல்லீரலில் இருந்த சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும். நான்காம் ஆண்டில் பாதம் மரத்துப் போவது அது தீர்ந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். பால், தயிரில் இருக்கும் கொஞ்சம் பி12 இதை ஈடுகட்டாது. பி12 குறைந்திருந்தாலும் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரியாக்கிவிடும்; நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும், வெகு நாள் தாமதித்தால் முழுதாக மீளாமலும் போகலாம். உங்கள் குடும்ப மருத்துவர் தவறு செய்யவில்லை. அவரிடம் நீங்கள் பாதி நோயைத்தான் காட்டினீர்கள். இடுப்புவலிக்கென்று அவர் டைக்ளோஃபெனாக் எழுதினால், பைபாஸ் செய்த வயிற்றில் புண் வரலாம். விடாத வாந்தியோடு நீங்கள் போய் நின்றால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயாமின் என்ற பி1 கொடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? அதைத் தவறவிட்டால் மூளையே பாதிக்கப்படலாம்.

இனி நிபுணர். இந்த வாரத்திலேயே அந்தச் சென்னை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் போனாலும் அவை அங்கேதான் இருக்கும். உடல் பருமன் அறுவை சிகிச்சை செய்கிற வேறொரு குழுவிடம் அந்தத் தாள்களோடு போகலாம். தனியாரில் செலவு தாளாது என்றால் அரசுத் துறையில் இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிற மருத்துவமனையைப் பாருங்கள். உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் தூரமில்லை, சென்னையில் ஸ்டான்லி இருக்கிறது. கால் மரத்திருப்பதால் நரம்பியல் மருத்துவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குத் தேதி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்: பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் (கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது), துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை உங்கள் குடும்ப மருத்துவரிடமே கேளுங்கள், ஆபரேஷனைச் சொல்லிவிட்டு. தாமிரத்தை விட்டுவிடாதீர்கள், அதன் குறையும் இதே போல் நடையைத் தளர்த்தும். முடி கொட்டுகிறதே என்று துத்தநாக மாத்திரையை நீங்களாகவே அதிகம் சாப்பிட்டால் தாமிரம் இன்னும் குறையும். பி12 குறைந்திருந்தால் ஊசி தேவைப்படும். முதலில் அடுத்தடுத்து, பிறகு வழக்கமாக மாதம் ஒன்று 1000 மைக்ரோகிராம், எப்படி என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இந்த ரத்தப் பரிசோதனை ஆண்டுதோறும் ஆயுள் முழுவதும் உண்டு. அறுவை முடிந்த அன்றே உங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

உங்கள் மாமியாரும் அதே மருத்துவரிடம் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்தான். சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், நான்கு வார்த்தை கடுமையாகவும் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், நான்கு ஆண்டு ஏமாற்றியதற்கு அவருக்கு அந்த உரிமை உண்டு. இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் கணவர் அவர் எதிரில் உட்கார்ந்து பேசட்டும். மாத்திரை டப்பா நாளை முதல் அடுப்படி அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். மகளைக் கூப்பிட்டு, அது என்ன மருந்து, எதற்கு என்று சொல்லிவிட்டு, இனி இரும வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள்.